ஜப்பான் மொழியை ஒரு எழுத்தும் தெரியாம கம்பஸில தொடங்கலாமா? தொடங்கலாம், ஆனா தமிழ்ல யோசிச்சுத் தொடங்குங்க

தங்கச்சி ஒராள் கேட்டிருக்கிறா: கம்பஸ் கிடைச்சிருக்கு, முதல் வருசத்தில ஜப்பான் மொழியை ஒரு பாடமா எடுக்க விருப்பம், ஆனா ஏ எல்லுக்கு அதைச் செய்யேல்ல, ஒரு எழுத்துக்கூடத் தெரியாது, கூட வாற சிங்களப் பிள்ளையள் கொஞ்சப் பேர் ஸ்கூல்லயே படிச்சிட்டு வருவினமாம், லெக்சர்ல விளக்கம் சிங்களத்திலயும் இங்கிலீஷிலயும்தான் போகுமாம், ஒரு தமிழ்ப் பிள்ளை பூச்சியத்தில இருந்து தொடங்கி ஈடு குடுக்க ஏலுமா எண்டு.

ஏலும் தங்கச்சி. நானும் அப்பிடித் தொடங்கின ஆள்தான், கொழும்பில இருந்துகொண்டு இண்டைக்கு ஜப்பான் மொழிபெயர்ப்புத்தான் தொழில். உங்கட பயம் எனக்கு வடிவா விளங்குது, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றன். நான் சொல்லப் போறது முக்கியமா ரெண்டு விசயம், ரெண்டும் ஒண்டுக்கொண்டு எதிர் மாதிரித் தெரியும் ஆனா இல்லை: இலக்கணத்தைத் தமிழ்ல யோசியுங்க, சத்தத்தைத் தமிழ் எழுத்தில எழுதாதீங்க. இதை எனக்கு முதல் வருசத்தில ஆராவது சொல்லியிருந்தா ஒரு முழு செமஸ்டர் மிச்சம் பிடிச்சிருப்பன். (இங்க நான் ஜப்பான் சொல்லுகளைத் தமிழ்ல எழுதுறது நீங்க இன்னும் அவையின்ர எழுத்துப் படிக்காத படியால மட்டும்தான், எல்லாம் கிட்டத்தட்ட உச்சரிப்பு, இதைப் பாடமாக்கிப் போடாதீங்க.)

எங்கட முதல் கிழமை ஒரு வகுப்பு இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. ஸென்ஸெய் (ஜப்பான்ல ரீச்சரை அப்பிடித்தான் சொல்றது) ஒரு குடையைக் கொண்டு வந்தா. தன்ர கையில வைச்சுக்கொண்டு 'கொரெ' எண்டா, பிறகு முன் வாங்கில இருந்த பிள்ளையின்ர மேசையில வைச்சிட்டுத் தள்ளி நிண்டு 'ஸொரெ' எண்டா, பிறகு கதவடியில சாத்தி வைச்சிட்டு வந்து எங்களோட சேர்ந்து நிண்டு கையை நீட்டி 'அரெ' எண்டா. சிங்களப் பிள்ளையள் உடன மேக, ஓக, அரக எண்டு பிடிச்சிட்டினம். நான் கையில இருந்த இங்கிலீஷ் புத்தகத்தைப் பாத்தன், அதில ஒரு 'திஸ்'சும் ரெண்டு 'தட்'டும் போட்டிருந்துது, தமிழ்ல இது அது எண்டு ரெண்டுதானே எண்டு நினைச்சு மூண்டாவதை என்ன செய்யிறது எண்டு தெரியாம கொப்பியில கேள்விக்குறி போட்டிட்டு வந்தன். வீட்டை வந்து தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருக்கேக்க அம்மம்மா என்ர கையில இருந்த கோப்பையைக் காட்டி 'உதை இஞ்ச தா பிள்ளை, கழுவ' எண்டா. உது! கேக்கிற ஆளுக்குக் கிட்ட இருக்கிற சாமானுக்கு உது. கொரெ, ஸொரெ, அரெ, தொரெ எண்டா இது, உது, அது, எது, அவ்வளவுதான். தொல்காப்பியம் சொல்ற அ, இ, உ எண்ட மூண்டு சுட்டில உகரம் தமிழ்நாட்டுப் பேச்சில இருந்து கிட்டத்தட்டப் போயிட்டுது, எங்கட யாழ்ப்பாணத் தமிழ்ல இன்னும் உயிரோட இருக்கு, கொழும்பில வளந்த பிள்ளையளுக்கு வாயில வராட்டியும் காதில இருக்கும். அண்டைக்குத்தான் நான் இங்கிலீஷ் விளக்கத்தை மூடி வைச்சிட்டு ஒவ்வொரு பாடத்தையும் முதல்ல தமிழ்ல சொல்லிப் பாக்கத் தொடங்கினது.

நீங்களும் சொல்லிப் பாருங்க. 'நேற்று வாசிச்ச புத்தகம்' எண்டதை ஜப்பான்ல 'கினோ யொந்த ஹொன்', நேற்று, வாசிச்ச, புத்தகம், அதே வரிசை, ஒரு சொல்லும் இடம் மாறேல்ல. இங்கிலீஷில யோசிக்கிறவை புத்தகத்தில தொடங்கிப் பின்பக்கமாத் திரும்பி வரவேணும். 'யொந்தெ' எண்டா 'வாசிச்சு', அதோட பார்க்கிறதுக்குரிய 'மிரு' சேர்ந்தா 'வாசிச்சுப் பார்', வைக்கிறதுக்குரிய 'ஒகு' சேர்ந்தா 'வாசிச்சு வை' (பிறகு உதவும் எண்டு முன்கூட்டியே செய்து வைக்கிறது, எங்கட கருத்தேதான்), 'ஷிமஉ' சேர்ந்தா 'வாசிச்சு முடிச்சிடு', 'இரு' சேர்ந்தா 'வாசிச்சுக்கொண்டு இரு'. அந்த 'இரு' ஜப்பான்லயும் 'இரு'தான். 'வாசிப்பன் எண்டு சொன்னார்' எண்டா 'யொமு தொ இத்த', அந்தத் 'தொ' எங்கட 'எண்டு'. மழை 'ஸாஸா தொ' பெய்யும், எங்களுக்குச் 'சோ எண்டு' பெய்யும், நட்சத்திரம் 'கிரகிர தொ' மின்னும், எங்களுக்குப் 'பளபள எண்டு'. இரட்டைக்கிளவியே ஆயிரக்கணக்கில வைச்சிருக்கிற ஒரு மொழியை இங்கிலீஷ் வழியாப் படிச்சா அது வறண்டு போகும், நீங்க நேரா வாங்க.

இதுக்குள்ள எனக்கு மிகவும் பிடிச்ச இடம் ஒண்டு இருக்கு. குடுக்கிறதுக்கு ஜப்பான்ல ரெண்டு வினை, 'அகெரு', 'குரெரு'. பாடப் புத்தகத்தில இதுக்கு ரெண்டு பக்கம் அம்புக்குறி கீறி உள்ள வெளியில எண்டு படம் போட்டிருப்பினம், இங்கிலீஷில ரெண்டுக்கும் ஒரே சொல் எண்டபடியால பிள்ளையள் மாதக்கணக்காத் தடுமாறுவினம். எங்களுக்கு? 'அக்கா எனக்குப் புத்தகம் தந்தா', 'நான் அவருக்குப் புத்தகம் குடுத்தன்'. தாறது வேற, குடுக்கிறது வேற. 'அவருக்குத் தந்தன்' எண்டு எங்கட ஆக்கள் சொல்லவே மாட்டினம், காதுக்கு உதைக்கும். என் பக்கம் வாறதுக்கு குரெரு, என்னட்ட இருந்து போறதுக்கு அகெரு. இன்னும் ஒரு படி மேல போய் 'யொந்தெ குரெத' எண்டா வாசிச்சுத் தந்தார், 'யொந்தெ அகெத' எண்டா வாசிச்சுக் குடுத்தன், உதவி எந்தப் பக்கம் போச்சு எண்டது வினையிலயே இருக்கு. ஒரு வித்தியாசம் மட்டும் கவனிங்க, நாங்க 'உங்களுக்குத் தாறன்' எண்டுவம், ஜப்பான்ல நான் உங்களுக்குத் தந்தா அது அகெருதான், அதோட வயசில பதவியில மேல இருக்கிற ஆளுக்கு நேர அகெரு பாவிச்சா உபகாரம் செய்யிற மாதிரித் தொனிக்கும், ஸென்ஸெய்க்குச் சொல்லிப் போடாதீங்க.

இவ்வளவு ஒற்றுமை எப்பிடி வந்தது எண்டு கேப்பீங்க. ஸுஸுமு ஓனோ எண்ட ஜப்பானிய மொழியியலாளர் தமிழுக்கும் ஜப்பானுக்கும் உறவு இருக்கு எண்டு வருசக்கணக்கா எழுதினவர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சண்முகதாஸும் மனோன்மணி சண்முகதாஸும் அவரோட சேர்ந்து வேலை செய்தவை. ஆனா பெரும்பாலான மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்றுக்கொள்ளேல்ல, வினை கடைசியில வாற மொழிகள் உலகத்தில நிறைய இருக்கு, அதுகளுக்குள்ள இப்பிடி ஒற்றுமை வாறது வழக்கம். சிங்களத்திலயும் இதில பாதி இருக்கு. உறவு உண்மையோ இல்லையோ உங்களுக்குக் கிடைக்கிற லாபம் குறையாது, அதை வைச்சுப் பெருமை பேசாம பாடத்துக்குப் பாவியுங்க.

தமிழ் காலை வாரி விடுற இடமும் இருக்கு, அதையும் சொல்ல வேணும். எங்களுக்கு 'வீட்டில இருக்கிறன்', 'வீட்டில வாசிக்கிறன்', 'பஸ்ஸில போறன்' எல்லாத்துக்கும் ஒரே '-இல'. ஜப்பான்ல வீட்டில இருக்கிறதுக்கு 'நி', வீட்டில ஒரு வேலை செய்யிறதுக்கு 'தெ', பஸ்ஸில போறதுக்கும் 'தெ'. நான் ரெண்டு வருசம் இதைப் பிழை விட்டனான். பிறகு மனசுக்குள்ள ஒரு கேள்வி வைச்சுக்கொண்டன், அங்க சும்மா இருக்கா, இல்ல ஏதாவது நடக்குதா எண்டு, சும்மா இருந்தா நி. அடுத்தது சொல்லுக்குப் பின்னால ஒட்டிக்கொண்டு வாற 'வ'வும் 'க'வும். இதுக்குத் தமிழ்ல நேர்ச் சொல் இல்லை, ஆனா 'ஆர் வாசிச்சது' எண்டு கேட்டா 'நான்தான்' எண்டுறமே, அந்தத் 'தான்' வாற இடத்தில 'க' வரும், இது ஒரு தொடக்கம், மிச்சம் வாசிச்சு வாசிச்சுத்தான் வரும். மற்றப்படி எங்களுக்கு இருக்கிற வாசிக்கிறன், வாசிக்கிறாய், வாசிக்கிறா, வாசிக்கினம் எண்ட ஈறு ஒண்டும் அங்க இல்லை, ஆர் வாசிச்சாலும் 'யொமு'தான். லேசு மாதிரிக் கிடக்கும், ஆனா எழுவாயையும் விட்டிட்டுத்தான் கதைப்பினம், அப்ப ஆர் செய்தது எண்டதை நீங்கதான் பிடிக்க வேணும்.

இனிச் சத்தம். பல்கலைக்கழகத்துக்கு ஜப்பான்ல ஒரு சொல், படிப்பை இடையில விட்டிட்டு விலகுறதுக்கு இன்னொரு சொல். ரெண்டையும் தமிழ்ல எழுதினா ரெண்டுமே 'தைகக்கு'தான். முதலாவதில 'பந்து'வில வாற த, ரெண்டாவதில 'தம்பி'யில வாற த. என்ர கொப்பியில மூண்டாம் பாடத்துச் சொல்லும் பிறகு எங்கயோ வந்த சொல்லும் ஒரே எழுத்தில ரெண்டு கருத்தோட கிடந்தது, நான் ஏதோ ஒரு சொல்லுக்கு ரெண்டு கருத்து எண்டு நினைச்சுப் பாடமாக்கி, வாய்மொழிச் சோதனையில நான் பல்கலைக்கழக மாணவி எண்டு சொல்ல வேண்டிய இடத்தில சத்தத்தை மாத்திச் சொல்லிப் போட்டன். சோதிச்சவ திருத்தினா, எனக்கு முகம் சிவந்து போச்சு, அண்டைக்கு இரவே அந்தக் கொப்பியை மூடிப் புதுக் கொப்பி தொடங்கினன். தமிழ் எழுத்தில க ஒண்டு, த ஒண்டு, ப ஒண்டு, சொல்லில எங்க வருது எண்டதைப் பொறுத்துச் சத்தம் தானா மாறும். ஜப்பான்ல அது தானா மாறாது, எழுத்துக்குப் பக்கத்தில ரெண்டு சின்னக் கோடு போட்டாத்தான் மாறும். திறப்புக்கு ஒரு சொல், ஒரு பழத்துக்கு ஒரு சொல், வித்தியாசம் அந்த ரெண்டு கோடு மட்டும்தான். எங்கட நாக்கு நடுவில வாற க-வைத் தானாவே மெலிசாக்கிப் போடும், அதை ஒரு மூண்டு மாசம் கவனமாக் காவல் காக்க வேணும். இங்கிலீஷ் எழுத்திலயும் எழுதாதீங்க, அதிலயே நிண்டிடுவீங்க.

நட்டம் மட்டும் இல்லை. குறில் நெடில் எங்களுக்குப் பிறவியிலயே இருக்கு, 'ஒபஸன்' எண்டா மாமி, 'ஒபாஸன்' எண்டா பாட்டி, இங்கிலீஷ்காரர் இதில படுற பாடு பெரிசு, எங்களுக்குப் படு, பாடு. ஒற்றும் அப்பிடித்தான், 'கிதெ' எண்டா வந்து, 'கித்தெ' எண்டா முத்திரை. எழுத்து வரிசையைப் பாருங்க: அ, இ, உ, எ, ஒ எண்டு உயிர், பிறகு க, ஸ, த, ந, ஹ, ம, ய, ர, வ. எங்கட க ச த ந ப ம ய ர வ-தானே, அந்த ஹ-வும் பழைய ஜப்பான்ல ப. பௌத்த பிக்குகள் சமஸ்கிருத எழுத்துப் படிச்ச வழியில அந்த ஒழுங்கு அங்க போனது. அகராதியில சொல் தேட ஒருத்தரும் உங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

சத்தத்தை எழுத ஜப்பான்ல ரெண்டு எழுத்து வரிசை, ஹிரகானா, கதகானா எண்டு. அடிப்படை எழுத்து ஹிரகானாவில 46, கதகானாவில 46. ஒரு நாளைக்கு அஞ்சு எண்டு வைச்சாலும் ஒவ்வொண்டும் பத்து நாள், ரெண்டும் சேர்த்து மூண்டு கிழமைக்குள்ள முடியும், முதல் லெக்சருக்கு முதல் முடிச்சிட்டுப் போனீங்க எண்டா பயத்தில பாதி போயிடும். கதகானாவில ஷி-யும் த்ஸு-வும், ஸொ-வும் ன்-உம் ஒண்டு மாதிரியே இருக்கும், கோடு எந்தப் பக்கத்தால இழுக்கிறது எண்டு பாத்து எழுதினாத்தான் பிடிபடும், அதனாலதான் கோட்டு ஒழுங்கை விடாதீங்க எண்டு சொல்றது.

காஞ்சி, அதாவது சீனத்தில இருந்து வந்த, கருத்தைக் குறிக்கிற எழுத்துகள், அதுதான் உண்மையான மலை, அதைச் சின்னதாக் காட்ட நான் விரும்பேல்ல. பொதுப் பாவனைக்கு எண்டு ஜப்பான் அரசு வைச்சிருக்கிற பட்டியல்ல 2136 இருக்கு, அங்கத்தைப் பிள்ளையள் ஆரம்பப் பாடசாலை ஆறு வருசத்தில 1026 படிக்குதுகள், முதலாம் வகுப்பில 80. ஏழு வயசுப் பிள்ளைக்கே வருசத்துக்கு 80 எண்டா நீங்க முதல் செமஸ்டர்ல 500 பாடமாக்கப் போறன் எண்டு வெளிக்கிட்டு விழ வேண்டாம். கிழமை நாளில தொடங்குங்க. சூரியன், சந்திரன், நெருப்பு, தண்ணி, மரம், பொன், மண் எண்டு ஏழு எழுத்து, அதுதான் ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி. அதே ஏழு கிரகம், அதே ஒழுங்கு, செவ்வாய்க்கு அவை நெருப்புக் கிரகம் எண்டு பேர் வைச்சிருக்கினம், நாங்க வெள்ளி எண்டிற இடத்தில அவை பொன் எண்டினம். 'நிச்சியோபி' எண்டா ஞாயிற்றுக்கிழமை, அதில முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் ஒரே சூரியன்தான், முன்னுக்கு 'நிச்சி', பின்னுக்கு 'பி'. இதைப் பாத்துக் குழம்பாதீங்க, ஒரு எழுத்துக்கு எத்தினை வாசிப்பு எண்டு தனியப் பட்டியல் போட்டுப் பாடமாக்கிறது வீண் வேலை, சொல்லாப் படியுங்க, வாசிப்பு தானா ஒட்டும். போன்ல அங்கி (Anki) எண்ட, அட்டை காட்டி ஞாபகப்படுத்திற செயலியைப் போட்டு ஒரு நாளைக்கு இருபது நிமிசம், பஸ்ஸில நிண்டுகொண்டு செய்தாலும் காணும், ஆனா ஒரு நாளும் விடக்கூடாது.

அமெரிக்க வெளிநாட்டுச் சேவைப் பயிற்சி நிலையம் இங்கிலீஷ் பேசுறவைக்கு ஜப்பான் படிக்க 2200 மணித்தியாலம் எண்டு கணக்கு வைச்சிருக்கு. அதைப் பாத்துப் பயப்பிடுற பிள்ளையள் இருக்கினம். அது உங்கட கணக்கு இல்லை. வசனம் கட்டுறதுக்கு அவை செலவழிக்கிற நேரத்தில பெரிய பங்கு உங்களுக்குத் தேவையில்லை, காஞ்சிக்கு மட்டும் அவையும் நீங்களும் ஒண்டுதான்.

ஏ எல்லுக்குச் செய்த பிள்ளையளைப் பற்றி. முதல் செமஸ்டர்ல அவை முன்னுக்குத்தான் நிப்பினம், அதை மாத்த ஏலாது, கை தூக்கி மறுமொழி சொல்லுவினம், நீங்க எழுத்துக்கூட்டிக்கொண்டு இருப்பீங்க. எங்கட வகுப்பில ரெண்டாம் வருசம் நடுவில அந்த இடைவெளி மூடிப் போச்சு, ஏனெண்டா அவை தெரிஞ்சதுதானே எண்டு விட்ட இடத்தில நாங்க விடாம படிச்சம். அவையோட போட்டி போடாம சேர்ந்து படியுங்க. சிங்களத்தில விளக்கம் போகேக்க எனக்குக் கனக்க விட்டுப் போகும், அப்ப பக்கத்தில இருந்த சிங்களப் பிள்ளை கொப்பி தந்து உதவி செய்தா, நான் அவவுக்கு வினைச்சொல் அட்டவணை போட்டுக் குடுத்தன், மூண்டு வருசம் அப்பிடியே போச்சு, எனக்குச் சிங்களமும் வந்திட்டுது. விளங்காட்டி வகுப்பு முடிய நிண்டு கேளுங்க, ஸென்ஸெய்மார் கேக்கிற பிள்ளையை விரும்புவினம். ஆளைப் பாத்து 'அனத்தா' (நீங்க) எண்டு மட்டும் சொல்லாதீங்க, பேரோட 'ஸன்' எண்ட மரியாதைச் சொல், இல்லாட்டி ஸென்ஸெய். நாங்களும் ரீச்சரை ரீச்சர் எண்டுதானே கூப்பிடுறம்.

டவுனில இருக்கிற கிளாஸுக்கும் போகவா எண்டும் கேட்டிருந்தீங்க. 2019 ஏப்ரல்ல ஜப்பான் குறித்த திறன் வேலை விசாவைத் தொடங்கினதில இருந்து கொழும்பில கிளாஸ் நிறைய வந்திட்டுது, அவை வேலைக்குத் தேவையான சோதனையைக் கெதியாப் பாஸ் பண்ண வைக்கிறதுக்கு, அதில பிழை இல்லை, ஆனா கம்பஸ் பாடத்துக்குத் தேவையான வாசிப்பும் எழுத்தும் அதில வராது. காசை மிச்சம் பிடியுங்க. ஜப்பான் பவுண்டேசன் இரோதோரி எண்ட பாடப் புத்தகத்தை இணையத்தில இலவசமாவே குடுக்குது, ஒலியும் சேர்த்து, அது காணும்.

சோதனை எண்டா ஜேஎல்பிடி (JLPT) எண்ட ஜப்பான் மொழித் திறன் சோதனை, டிசம்பர் முதல் ஞாயிறு இஞ்ச நடக்கும், N5 எண்ட அடி மட்டத்தில தொடங்கி N1 வரைக்கும் மேல போகும். முதல் வருச முடிவில N5 எழுதிப் பாருங்க. 180-க்கு 80 எடுத்தாப் பாஸ், ஆனா எழுத்து, இலக்கணம், வாசிப்பு எண்ட பகுதியில 120-க்கு 38-உம், கேட்டல்ல 60-க்கு 19-உம் தனித்தனியா எடுக்க வேணும். தமிழ்ப் பிள்ளையள் இலக்கணத்தில நல்லாச் செய்திட்டுக் கேட்டல்ல விழுறதை நான் கண்டிருக்கிறன், ஒவ்வொரு நாளும் காதில ஏதாவது போடுங்க. கதைக்கிறதும் கையால எழுதுறதும் அந்தச் சோதனையில இல்லவே இல்லை, அதனால அந்தச் சேர்டிபிகேட்டை மட்டும் நம்பி இருக்காதீங்க. ஜப்பான் மொழியையே முக்கிய பாடமா எடுத்தீங்க எண்டா, ஜப்பான் கல்வி அமைச்சு குடுக்கிற மெக்ஸ்ட் (MEXT) புலமைப்பரிசில்ல வெளிநாட்டுப் பல்கலைக்கழக ஜப்பான் மொழி மாணவருக்கு எண்டே ஒரு பிரிவு இருக்கு, ஒரு வருசம் அங்க போய்ப் படிக்கலாம், தூதரக அறிவித்தலை இப்பவே பாத்து வையுங்க.

இன்னொரு சின்ன விசயம். கொழும்பில நீங்க ஏறுற கார் கனக்க ஜப்பான்ல இருந்து வந்ததுதான், ஸ்டார்ட் பண்ணின உடன ஒரு பொம்பிளைக் குரல் ஏதோ சொல்லும், ஒருத்தரும் காது குடுக்கிறேல்ல. நான் ரெண்டாம் வருசம் ஒருநாள் மழையில வெள்ளவத்தையில வாடகைக் காரொண்டில ஏறினன், டிரைவர் திறப்பைத் திருப்ப அந்தக் குரல் 'காடொ க ஸோன்யூ ஸரெதெ இமஸென்' எண்டுது. காட் செருகப்பட்டு இருக்கேல்ல. செயப்பாட்டு வினை, அதுக்குப் பின்னால இரு, அதுக்குப் பின்னால இல்லை, தமிழ்ல எந்த ஒழுங்கோ அதே ஒழுங்கு. அது அங்கத்தை அதிவேக வீதியில காசு கட்டுற காட். டிரைவர் அண்ணைக்குச் சொன்னன், ஏழு வருசமா இந்தப் பொம்பிளை என்ன சொல்லுது எண்டு யோசிச்சனான் எண்டார்.

இண்டைக்குப் போற வழியில ஒரு சதுரக் கோட்டுக் கொப்பி வாங்குங்க, சின்ன வகுப்பில கணக்குச் செய்வமே அதுதான், ஒரு கட்டத்துக்குள்ள ஒரு எழுத்து. இரவைக்கு அ, இ, உ, எ, ஒ அஞ்சும் எழுதுங்க, ஹிரகானாவில அ-வுக்கு மூண்டு கோடு, இ, உ, எ மூண்டுக்கும் ரெண்டு ரெண்டு, ஒ-வுக்கு மூண்டு, மொத்தம் 12 கோடுதான். நாளைக்கு க வரிசை.